தண்ணிப் பெட்டிக்குப் பூஜை போட்ட பூரணி

அந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் பூரணியைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் குளிப்பதே இல்லை என்று அர்த்தம். பொகவந்தலாவை பஜாரிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறி மூச்சு வாங்கி நிற்கிற இடத்துக்கும் மேலே, மேல் லயம், கீழ் லயம் என்று தொழிலாளிகளின் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள். இரண்டுக்கும் ஒரே ஊற்றுத் தண்ணீர். அதைத் தேக்கி வைக்கும் டேங்க் மலை உச்சியில் இருக்கிறது. டேங்கை ஒட்டி ஒரு சின்ன அறை, அறைச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு பூரணி. காலையும் மாலையும் பொதுக்குழாய்ப் பீலியில் தண்ணீர் விழுகிறதென்றால் பெட்டி நல்லாயிருக்கிறது, பூரணியும் நல்லாயிருக்கிறாள்.

பெட்டி வருவதற்கு முன்னால் நடந்த கூத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. டேங்க் குழாயில் ஒரு இரும்புச் சக்கரம் இருந்தது. மேல் லயத்துக்காரன் வந்து ஒரு பக்கம் திருகுவான். அவன் தலை மறைந்ததும் கீழ் லயத்துக்காரன் வந்து மறுபக்கம் திருகுவான். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் துவைக்கிற நாளில் வாளியால் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் கூட உண்டு. ஒரே கோயிலில் கும்பிடுகிறவர்கள், ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள், தண்ணீர் என்று வந்துவிட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். கடைசியில் தண்ணீர்க் கமிட்டித் தலைவர் மாயாண்டி சலித்துப்போய், சக்கரத்தைக் கழற்றித் தோட்டத்து ஆபீஸில் வைத்துப் பூட்டச் சொன்னார். அதன் பிறகுதான் பெட்டி வந்தது.

பெட்டியைப் பொருத்த வந்தவள் பிரேமினி. ஹட்டனில் வளர்ந்து, கண்டியில் ஒரு கம்பனியில் வேலை பார்க்கிற பெண். பூரணி மேல் லயத்தில் பிறந்து கீழ் லயத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் அவள்தான் இதற்குப் பொருத்தம் என்று பிரேமினி சொல்லிவிட்டாள். மாயாண்டிக்கு மனசில்லை. அவருடைய மருமகன் கஜேந்திரன் பஜாரில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான், அவனிடம் கொடுத்தால் கௌரவம் என்று நினைத்திருந்தார். ஆனால் கண்டியிலிருந்து வந்த பெண்ணின் பேச்சை எப்படித் தட்டுவது?

"அக்கா, இந்தப் பெட்டி எங்க கம்பனி சேர்வர் கம்ப்யூட்டர் பேச்சை மட்டும்தான் கேக்கும்," என்று பிரேமினி விளக்கினாள். "கமிட்டி சொன்ன நேரப்படி அது குழாயைத் திறன்னா திறக்கும், மூடுன்னா மூடும். ஆனா பேசத் தொடங்குறதுக்கு முந்தி, 'நீதான் அந்த சேர்வர்னு நான் எப்படி நம்புறது? சர்டிபிகேட்டைக் காட்டு'ன்னு இது கேக்கும். யாரு குடுத்தது, எந்த நாள்லேருந்து எந்த நாள் வரைக்கும் செல்லும், எல்லாம் பாக்கும். சரியா இருந்தாத்தான் பேச்சு. அப்புறம் ரெண்டும் பேசிக்கிறது நடுவுல நிக்கிற ஒருத்தருக்கும் விளங்காது."

"பிள்ளைங்களுக்கு விளங்கக்கூடாதுன்னு நானும் எங்க வீட்டுக்காரரும் சிங்களத்துல பேசுவோமே, அந்த மாதிரியா மிஸ்?"

"அதே மாதிரிதான்."

"அப்ப பிரயோசனம் இல்ல மிஸ். இப்ப எங்க பிள்ளைங்க எங்களை விட நல்லா சிங்களம் பேசுதுங்க."

பிரேமினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தப் பாஷையை எந்தப் பிள்ளையும் படிக்க முடியாது என்று சத்தியம் பண்ணினாள். பெட்டியின் உள் அமைப்பைப் போன் வழியாகத் திறக்கிற இரகசிய நம்பரைப் பூரணியின் காதில் சொல்லி, எங்கேயும் எழுதாமல் மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தால் பெட்டியும் சேர்வரும் பேச்சு வார்த்தையில் இருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் கோபம். அவ்வளவுதான் பாடம்.

சர்டிபிகேட் என்ற சொல்லே பூரணிக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. அவள் பிறந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, லயத்து வீட்டு அறையான காம்பராவில். பிறப்பைப் பதிய வேண்டிய அப்பா அந்த மாதமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது வந்து தோட்டத்து வேலைக்குப் பேர் பதியப் போனால் அடையாள அட்டை கேட்டார்கள். அடையாள அட்டைக்குப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்குப் போனால், நீ பிறந்ததற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். எதிரே குத்துக்கல்லாக நிற்கிற பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பேர் பதியாமலே எத்தனையோ வருசம், அன்றன்றைக்குக் கூலி வாங்குகிற கைக்காசு வேலைக்குப் போனாள். செல்லசாமியைக் கட்டிக்கொண்டபோது கல்யாணத்தைப் பதிவு பண்ணக்கூட முடியவில்லை. பெரிய பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான் அனுமான வயதுச் சான்றிதழ் என்று ஒன்று கைக்கு வந்தது. இந்த ஆளுக்கு உத்தேசமாக இவ்வளவு வயது இருக்கலாம் என்று அரசாங்கம் தருகிற காகிதம். "பாலம் அடிச்சுக்கிட்டுப் போன மழையில பொறந்தா சார்," என்றாள் அம்மா வேலாயி. மழையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதிகாரி பெருமூச்சு விட்டு, ஜனவரி முதலாம் திகதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து பூரணியின் பிறந்தநாள் அதுதான். ஒருவரும் கொண்டாடியதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. பொய் நாளுக்கு எதற்குக் கேக்?

அதனால்தான் பெட்டியின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். கூடையைச் சுமந்து ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்து, இனி நாள் முழுக்கக் கொழுந்து எடுக்க முடியாது என்று ஆன நேரத்தில் வந்த வேலை. அதைவிட, அவள் பேரைச் சொல்லி, அவளை நம்பி ஒருவர் ஒப்படைத்த முதல் பொருள் அது. காலையில் மேலே ஏறினால் முதலில் துணியால் துடைப்பாள். எறும்பு ஏறாமல் மஞ்சள் தூள் போடுவாள். "என்னைத் துடைச்சு விட்டிருக்கியா ஒரு நாளாவது?" என்று செல்லசாமி கேட்பார். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் அரைக்கிற மெசினோடு மல்லுக்கட்டுகிற மனுசன், வாய் மட்டும் நீளம்.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. சனிக்கிழமை. வீடு வீடாகச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் மண் கிளறுகிற முள்ளும் மண்வெட்டியும் குளித்துச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் படுத்துக்கொண்டன. ஸ்டோரில் மெசின்களை நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். தையல் மெசினுக்கு மாலை, திரீவீலருக்கு மாலை. வருசம் முழுக்க உழைக்கிற ஆயுதம் அன்றைக்கு ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும், அதைத் தொட்டு வேலை வாங்கக்கூடாது. பூரணி யோசித்தாள். பெட்டி மட்டும் என்ன, உழைக்கவில்லையா? மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் நாளுக்கு இரண்டு நேரம் இரண்டு லயத்துக்கும் தண்ணீர் கொடுக்கிறது. அதற்கு ஒரு பொட்டு கிடையாதா?

மாலைத் தண்ணீர் விட்டு முடிந்ததும் அவல், கடலை, கற்பூரத்தோடு மேலே ஏறினாள். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதும் ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் மினுக்கிக்கொண்டே இருந்தது. ஓய்வு என்றால் முழு ஓய்வு. பின்பக்கம் திறந்து உள்ளே இருந்த பேட்டரியையும் கழற்றித் தட்டில் வைத்தாள். பெட்டி அடங்கியது. சந்தனம், குங்குமம், பூ, கற்பூரம். "நல்லா தூங்கு," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவளுக்கு இருந்த நிம்மதி கோயில் ஐயருக்குக்கூட இருந்திருக்காது.

ஞாயிறு விடிந்ததும் ஏறிப்போய்ப் பேட்டரியைப் போட்டு, பிளக்கை மாட்டினாள். சிவப்பு. கழற்றித் திரும்ப மாட்டினாள். மறுபடியும் சிவப்பு. தண்ணீர் திறக்கிற நேரம் வந்தது, போனது. கீழே பீலிக்கரையில் உடுப்பு மூட்டைகளோடு பெண்கள் கூடி நிற்பது மேலிருந்து தெரிந்தது. மலை உச்சியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், பூரணி பிரேமினிக்கு போன் போட்டாள்.

"சேர்வர் நல்லாத்தான் இருக்குக்கா," என்றாள் பிரேமினி. "மத்த தோட்டத்துப் பெட்டியெல்லாம் பேசுது. உங்க பெட்டி மட்டும் கிட்ட வந்து சர்டிபிகேட்டைப் பாத்துட்டு, வேணாம்னு கதவைச் சாத்திட்டுப் போகுது. நேத்து நீங்க எதும் செஞ்சீங்களா?"

இந்த இடத்தில்தான் பூரணி சறுக்கினாள். பெட்டிக்குப் பூஜை போட்டேன் என்று படித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? தலைவர் காதுக்குப் போனால் ஊரே சிரிக்கும், பெட்டியும் கையை விட்டுப் போகும். "ஒன்னும் செய்யல மிஸ்," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடைய குரல் போலக் கேட்டது.

"அப்ப எனக்கும் விளங்கல. நாளைக்குக் காலையில வாறேன்க்கா."

நாளைக்கா! அதற்குள் கீழே வாளிகள் பறக்கும். மாயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கஜேந்திரனையும் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். சக்கரத்தை எடுக்கலாம் என்றால் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, சாவி வைத்திருக்கிற கிளாக்கர் பட்டிப்பொலைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்.

"இங்க பாரு பூரணி," என்றார் மாயாண்டி. "மத்தியானத்துக்குள்ள தண்ணி வந்தாகணும். வரலைன்னா நாளைக்குக் கமிட்டி கூடும். பெட்டியை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு நீ வீட்டோட இரு. கோவிச்சுக்காத, என்னாலயும் பேச்சுக் கேக்க முடியல." சொல்லிவிட்டுக் கூட்டத்தைச் சமாதானப்படுத்த இறங்கிப் போனார்.

கஜேந்திரன் கெட்டவனில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெட்டியைச் சுற்றிப் பார்த்தான், போனை எடுத்து அதோடு இணைத்தான். "அக்கா, இது சின்ன வேலை. உள்ளுக்குள்ள, சர்டிபிகேட்டைச் சரிபார்னு ஒரு இடத்துல சரி போட்டிருப்பாங்க. அதை எடுத்துவிட்டா போதும், தண்ணி பாய்ஞ்சிரும். உங்க நம்பரை மட்டும் அடிங்க. ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

பூரணிக்கு உயிர் வந்தது. போனை வாங்கினாள். விரல் நம்பருக்கு மேலே நின்றது. "சரி தம்பி, அதை எடுத்துட்டா பெட்டி யாரு பேச்சைக் கேக்கும்?"

"சேர்வர் பேச்சைத்தான்."

"அதுதான் சேர்வர்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கஜேந்திரன் கழுத்தைச் சொறிந்தான். "தெரியாதுக்கா. நான்தான் சேர்வர்னு யாரு சொன்னாலும் நம்பிரும்."

"நீ சொன்னா?"

"நம்பும்."

"மேல் லயத்துப் பொடியன் ஒருத்தன் போனை வச்சுக்கிட்டுச் சொன்னா?"

"விஷயம் தெரிஞ்சவனா இருந்தா..." என்று இழுத்தவன் சிரித்துவிட்டான். "அப்ப பழைய சக்கரம்தான்க்கா. இப்ப திருக இங்க ஏறி வர வேண்டியதில்ல, வீட்டுல படுத்துக்கிட்டே திருகலாம்."

பூரணி போனைத் திருப்பிக் கொடுத்தாள். கையில் வந்த சோற்றைத் தட்டிவிடுகிற மாதிரித்தான் இருந்தது, ஆனாலும் கொடுத்தாள். வாளியால் அடி வாங்கி இரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அவளுடைய சொந்த அண்ணன். அந்த நாளை அவள் மறக்கவில்லை. இந்தப் பெட்டி ஒன்றுதான் எந்த லயத்துக்காரன் திருக வந்தாலும், நீ யார், காட்டு என்று கேட்கிறது. அதன் வாயைக் கட்டிவிட்டு வேலையைக் காப்பாற்றி என்ன பண்ணுவது? போகிறது போகட்டும் என்று மறுபடியும் பிரேமினியை அழைத்தாள்.

"மிஸ், ஒரு பொய் சொல்லிட்டேன். நேத்து ஆயுத பூஜை. பெட்டிக்கும் பூஜை போட்டேன். ஓய்வு குடுக்கணும்னு பிளக்கைக் கழட்டினேன்."

"பிளக்கைக் கழட்டினா ஒன்னும் ஆகாதேக்கா. உள்ளுக்க பேட்டரி இருக்கே."

"அதையும் கழட்டிட்டேன் மிஸ்."

கஜேந்திரன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான், தோள் மட்டும் குலுங்கியது. பூரணிக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"அக்கா!" என்று கத்தினாள் பிரேமினி. அது கோபமில்லை, சந்தோசம். "அதைச் சொல்லியிருந்தீங்கன்னா காலையிலேயே முடிச்சிருப்போமே! போன்ல பெட்டியைத் திறந்து, அதுக்கு இன்னைக்கு என்ன திகதின்னு பாத்துச் சொல்லுங்க."

பூரணி இரகசிய நம்பரை அடித்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள். "ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது... ஜனவரி... ஒன்னு."

"அதுதான்க்கா விஷயம். பேட்டரி போனதும் உள்ள இருக்கிற மணிக்கூடு நின்னுருச்சு. நாள் தெரியலைன்னா இந்த மாதிரி மெசினெல்லாம் அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். அது நெனைக்குது, இப்ப எழுபதாம் வருசம்னு. சேர்வர் காட்டுற சர்டிபிகேட் இந்த வருசத்துல குடுத்தது. இன்னும் வராத வருசத்துல குடுத்த சர்டிபிகேட்டை எப்படி நம்புறதுன்னு சொல்லித் துரத்துது. பாவம், அது மேல தப்பே இல்ல. மணிக்கூடு நின்னா என்ன ஆகும்னு நாங்கதான் யோசிச்சு வச்சிருக்கணும்."

பூரணி திரையில் இருந்த திகதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரி ஒன்று.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மிஸ். பொறந்த நாள் தெரியாதவங்களுக்கு எல்லாருமே அந்த நாளைத்தான் குடுப்பீங்களா?"

"விளங்கலையேக்கா?"

பூரணி சொன்னாள். அப்பா போனது, பாலம் அடித்துக்கொண்டு போன மழை, அதிகாரியின் பெருமூச்சு, எல்லாவற்றையும் சொன்னாள். "இதே மாதிரித்தான் மிஸ் நானும் ஆபீஸ் ஆபீஸா நின்னேன். நாள் ஒன்னு சரியில்லைன்னா ஒருத்தரும் பேசமாட்டாங்க." சொல்லும்போது கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. கஜேந்திரன் குலுங்குவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான்.

பிறகு பிரேமினி சொல்லச் சொல்ல, அன்றைய திகதியையும் நேரத்தையும் பூரணியே ஒவ்வொன்றாக அடித்தாள். சிவப்பு அணைந்தது. ஒன்றுமே எரியாமல் கொஞ்ச நேரம். அப்புறம் பச்சை. குழாய்க்குள் கடகடவென்று ஒரு சத்தம், கீழே பீலிக்கரையிலிருந்து பெண்கள் போட்ட கூச்சல் மலை உச்சி வரை கேட்டது. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

திங்கட்கிழமை கமிட்டி கூடத்தான் செய்தது. பூரணி யாரையும் பேச விடவில்லை. எழுந்து நின்று பூஜையையும் பேட்டரியையும் தானே சொல்லிவிட்டாள். சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. மாயாண்டி தொண்டையைச் செருமினார். "தப்புத் தப்புத்தானே. பெட்டியை எங்க மருமகன்கிட்டயே..."

"எனக்கு வேணாம் மாமா," என்றான் கஜேந்திரன். "நான் சர்டிபிகேட் கேக்காம கதவைத் திறந்து போட்டுருங்கன்னு சொன்னேன். அக்காதான் மாட்டேன்னாங்க. வேலை போனாலும் பரவால்லைன்னு நின்னாங்க. நானா இருந்தா நிக்கமாட்டேன்."

இதைக் கேட்டதும் மேல் லயத்துக்காரர்கள் கீழ் லயத்துக்காரர்களைப் பார்த்தார்கள். கீழ் லயத்துக்காரர்கள் மேல் லயத்துக்காரர்களைப் பார்த்தார்கள். கதவு திறந்து கிடந்திருந்தால் அடுத்தவன் என்ன பண்ணியிருப்பான் என்று இரண்டு பக்கத்துக்கும் நன்றாகத் தெரியும். பூரணியே இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொன்னது. அந்த டிவிஷன் சரித்திரத்தில் இரண்டு லயமும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. மாயாண்டியும் சிரித்துவிட்டார், வேறு என்ன செய்வார்?

பிறகு பிரேமினி வந்து, மணிக்கூட்டுக்கென்றே தனியாக இன்னொரு சின்ன பேட்டரி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் மட்டும் வையுங்கள், தூங்க வைக்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

மார்கழிக் குளிரில் வருசம் பிறந்தது. விடிந்ததும் பனி விலகாத பாதையில் பூரணி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிரேமினி. புது வருச வாழ்த்து சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுத்தாள்.

"அக்கா, பிறந்தநாள் வாழ்த்துகள்!"

பூரணி பாதையில் அப்படியே நின்றுவிட்டாள். அந்த நாளில் அந்த வார்த்தையை அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை. அது பொய் நாள் மிஸ் என்று சொல்ல வாய் திறந்தாள். ஆனால் அந்த நாள்தானே அவளுக்கு அடையாள அட்டை வாங்கிக் கொடுத்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, இந்தப் பெட்டியைப் பொறுப்பெடுக்கக் கையெழுத்துப் போட வைத்தது? அவளுக்கு வேறு நாள் ஏது? "நன்றி மிஸ்," என்றாள்.

அறையைத் திறந்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியைத் துடைத்தாள். வீட்டில் இரகசியமாக மடித்து எடுத்து வந்திருந்த சந்தனத்தில் கொஞ்சம் எடுத்துப் பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். விரலில் மீதி இருந்ததைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். குழாய் கடகடத்தது, கீழே இரண்டு லயத்துக்கும் தண்ணீர் போனது.